லேப் ரிப்போர்ட்டில் இருக்கும் பாஸ்பேடேஸ் வேறு, செல்லைப் பிரிக்கும் பாஸ்பேடேஸ் வேறு

சில மாதங்களுக்கு ஒருமுறை ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றும். புற்றுநோயை வளர்க்கும் பாஸ்பேடேஸ் நொதியை அடக்க வழி கிடைத்துவிட்டது என்கிற மாதிரி தலைப்பு. ராயபுரத்திலோ தண்டையார்பேட்டையிலோ அதைப் படிக்கிற ஒருவர், பீரோவுக்குள் மடித்து வைத்த ரத்தப் பரிசோதனைத் தாளை எடுத்துப் பிரிக்கிறார். பிலிரூபின், எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்று வரிசையாகப் போகிற பக்கத்தில் 'ஆல்கலைன் பாஸ்பேடேஸ்' என்று ஒரு வரி. பக்கத்தில் உள்ள எண் தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கிறது. செய்தியில் வந்த நொதியும் இதுவும் ஒன்றுதான் என்று எடுத்துக்கொண்டால் அன்று ராத்திரி தூக்கம் வராது.

இரண்டும் ஒன்றில்லை. செல் பிரிவு, புற்றுநோய் என்று வரும் பேச்சில் அடிபடுவது சி.டி.சி.25 என்கிற பாஸ்பேடேஸ் குடும்பம். அது செல்லுக்கு உள்ளேயே வேலை செய்கிறது. வழக்கமான ரத்தப் பரிசோதனை எதிலும் அதை அளப்பதில்லை. ஒரு செல் இரண்டாகப் பிரியத் தயாராகி, பூட்டுப் போட்டுக் காத்திருக்கும்போது அந்தப் பூட்டைக் கழற்றுவது அதன் வேலை. பூட்டு என்ன, யார் போட்டது, கழற்றுகிறவனை அடக்கினால் என்ன ஆகும் என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

முதலில் அந்தச் சொல்

பாஸ்பேட் என்பது ஒரு பாஸ்பரஸ் அணுவும் அதைச் சுற்றி நான்கு ஆக்சிஜன் அணுக்களும் சேர்ந்த சின்னத் தொகுதி. உருவம் சிறிசு, ஆனால் எதிர்மின்னூட்டம் நிறைய. ஒரு புரதத்தின் மேல் அது போய் ஒட்டினால் அந்தப் புரதத்தின் வடிவம் சற்று வளையும், குணம் மாறும். நம் செல்கள் தங்களுக்குள் செய்தி அனுப்பிக்கொள்ள அதிகம் பயன்படுத்துவது இந்த ஒட்டலையும் கழற்றலையும்தான்.

1. பாஸ்பேட்டை ஒட்டுகிற நொதிக்குக் கைனேஸ் என்று பெயர்.
2. ஒட்டியதைக் கழற்றுகிற நொதிக்குப் பாஸ்பேடேஸ் என்று பெயர்.
3. ஒட்டினால் ஓடும், கழற்றினால் நிற்கும் என்று பொது விதி கிடையாது. சில புரதங்கள் பாஸ்பேட் ஒட்டும்போது விழிக்கும், சில உறங்கிப்போகும். ஒரே புரதத்தில் ஓர் இடத்தில் ஒட்டினால் விழிப்பு, இன்னோர் இடத்தில் ஒட்டினால் உறக்கம் என்றும் உண்டு.

மூன்றாவது விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பத் திரும்ப வரும்.

பாஸ்பேடேஸ் என்பது ஒரு தொழிலின் பெயர். டிரைவர் என்று சொன்னால் தெருமுனையில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவரும் டிரைவர், ஹார்பருக்குள் கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர் ஓட்டுகிறவரும் டிரைவர். வண்டி வேறு, சாலை வேறு, சரக்கு வேறு. நொதிகளிலும் அப்படித்தான்.

லேப் ரிப்போர்ட்டில் வரும் ஆல்கலைன் பாஸ்பேடேஸ், காரத்தன்மை உள்ள சூழலில் நன்றாக வேலை செய்வதால் அந்தப் பெயர் பெற்றது. கல்லீரலின் பித்தக் குழாய்கள், எலும்பு, குடல், கர்ப்பிணிகளின் நஞ்சுக்கொடி ஆகியவற்றின் செல்களில் வெளிப்புறச் சவ்வில் ஒட்டியிருக்கும். அங்கிருந்து கொஞ்சம் ரத்தத்தில் கலக்கும். வளரும் பிள்ளைகளுக்கு எலும்பு வளர்வதால் இந்த அளவு பெரியவர்களைவிட இரண்டு மூன்று மடங்குகூட இருக்கும், அது இயல்பு. கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலும் ஏறும். பெரியவர்களுக்கு ஏறியிருந்தால் பித்தக் குழாய் அடைப்பு, வைட்டமின் டி குறைவு, ஆறிவரும் எலும்பு முறிவு என்று பல காரணங்கள் இருக்கலாம். எலும்புக்கோ கல்லீரலுக்கோ புற்றுநோய் பரவியிருந்தாலும் ஏறும் என்பது உண்மை. ஆனால் அந்த எண்ணை மட்டும் வைத்து யாரும் அப்படி முடிவு கட்ட மாட்டார்கள். மருத்துவரிடம் காட்டி, மற்ற வரிகளோடு சேர்த்துப் படிக்க வேண்டிய எண் அது.

பாஸ்பேடேஸ் என்றதும் புற்றுநோய் ஞாபகம் வருவதற்குப் பழைய காரணம் ஒன்றும் உண்டு. புராஸ்டேட் புற்றுநோய்க்கு இன்று பி.எஸ்.ஏ. பரிசோதனை செய்கிறார்கள். அது வருவதற்கு முன் பல பத்தாண்டுகள் 'ஆசிட் பாஸ்பேடேஸ்' என்ற இன்னொரு நொதியைத்தான் ரத்தத்தில் அளந்தார்கள். அதுவும் வேறு ஆள்.

சி.டி.சி. என்ற எழுத்துகள்

கொரோனா காலத்தில் சி.டி.சி. என்ற பெயரைத் தினமும் கேட்டோம். அது அமெரிக்காவின் நோய்த்தடுப்பு மையம், இதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இங்கே சி.டி.சி. என்பது செல் பிரிவுச் சுழற்சி என்பதன் ஆங்கில முதலெழுத்துகள். 25 என்பது வரிசை எண். ஈஸ்ட்டில் செல் பிரிவு கெட்டுப்போன ரகங்களை ஒவ்வொன்றாகப் பிடித்து எண் போட்டுக்கொண்டே வந்தார்கள். அதில் இதற்கு விழுந்த எண் இது.

இந்த எண்களில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. ரொட்டி செய்யும் ஈஸ்ட்டில் சி.டி.சி.25 என்று அழைக்கப்படும் மரபணு பாஸ்பேடேஸே இல்லை, அது முற்றிலும் வேறு வேலை செய்கிறது. நாம் பேசுகிற சி.டி.சி.25, இன்னொரு வகை ஈஸ்ட்டிலிருந்து வந்த பெயர். இணையத்தில் தேடுகிறவர்கள் இதில் தடுக்கி விழுவது வழக்கம்.

ஒரு செல் இரண்டாகும் வரிசை

மனித செல்லை ஆய்வுக்கூடத்தில் வளர்த்தால் சுமார் 24 மணி நேரத்தில் ஒருமுறை பிரியும். அந்த நேரத்தை நான்காகப் பிரிப்பார்கள்.

1. ஜி1: செல் வளர்கிறது, பிரியலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிறது.
2. எஸ்: டி.என்.ஏ. முழுவதையும் நகல் எடுக்கிறது. ஒரு செல்லில் இருக்கும் டி.என்.ஏ.வை நீட்டினால் ஏறக்குறைய 2 மீட்டர்.
3. ஜி2: நகல் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கிற இடைவேளை.
4. எம்: குரோமோசோம்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்து, செல் இரண்டாகிறது. இதற்கு ஆவது ஒரு மணி நேரம்தான்.

நான்காவது கட்டம் குறுகியது, ஆனால் திரும்பி வர முடியாதது. நகல் பாதியில் இருக்கும்போது செல் பிரிந்துவிட்டால் இரண்டு பிள்ளைகளுக்கும் அரைகுறைச் சொத்துதான். அதனால் ஜி2-வின் வாசலில் ஒரு பூட்டு இருக்கிறது.

பூட்டு எங்கே, சாவி எங்கே

செல்லை நான்காவது கட்டத்துக்குள் தள்ளுகிற இயந்திரம் சி.டி.கே.1 என்கிற கைனேஸ். 297 அமினோ அமிலங்கள் கோத்த சின்னப் புரதம். அது தனியாக எதுவும் செய்யாது. நடப்பது இதுதான்:

1. எஸ், ஜி2 கட்டங்களில் சைக்ளின் பி என்ற புரதம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கிறது. அது சி.டி.கே.1-ஐப் பிடித்து ஜோடி சேர்கிறது.
2. ஜோடியின் 161-வது அமினோ அமிலத்தில் ஒரு பாஸ்பேட் ஒட்டுகிறது. இது இயந்திரம் ஓடத் தேவையான பாஸ்பேட்.
3. கூடவே வீ1, மிட்1 என்ற இரண்டு கைனேஸ்கள் வந்து 14-வது இடத்திலும் 15-வது இடத்திலும் பாஸ்பேட்டை ஒட்டிவிடுகின்றன. இந்த இரண்டும்தான் பூட்டு. எரிபொருளான ஏ.டி.பி. வந்து உட்கார வேண்டிய குழிக்கு நேர் மேலே இவை நிற்பதால் இயந்திரம் வேலை செய்யாது.
4. சி.டி.சி.25 வந்து 14, 15 ஆகிய இரண்டு பாஸ்பேட்டுகளையும் கழற்றுகிறது. இயந்திரம் உடனே ஓடுகிறது.

14-வது அமினோ அமிலம் திரியோனின், 15-வது டைரோசின். பெரும்பாலான பாஸ்பேடேஸ்கள் இந்த இரண்டு வகையில் ஒன்றைத்தான் கழற்றும். சி.டி.சி.25 இரண்டையும் கழற்றும் அபூர்வ ரகம்.

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் நின்றவர்களுக்கு இந்த ஏற்பாடு சட்டென்று புரியும். கேட் போட்டிருக்கிறது. பைக், ஆட்டோ, தண்ணீர் லாரி எல்லாம் இன்ஜினை அணைக்காமல் உறுமிக்கொண்டு நிற்கின்றன. நேரம் ஆக ஆக இரண்டு பக்கமும் வண்டி சேருகிறது. யாருக்கும் பெட்ரோல் குறைவில்லை, சாவி தொலையவில்லை. தடுப்பது அந்த ஒரு கட்டை. அது ஏறின நொடியில் மொத்தக் கூட்டமும் ஒரே மூச்சில் நகர்கிறது. சைக்ளினோடு ஜோடி சேர்ந்து, 161-வது பாஸ்பேட்டும் ஒட்டி, பூட்டோடு காத்திருக்கும் சி.டி.கே.1-கள் அப்படித்தான் ஜி2-வில் சேர்ந்து நிற்கின்றன.

இப்படி ஏன் சுற்றி வளைத்துச் செய்ய வேண்டும், தேவைப்படும்போது இயந்திரத்தைத் தயாரித்தால் போதாதா என்று தோன்றும். புதிதாகப் புரதம் தயாரிக்க நேரம் பிடிக்கும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சேரும். குரோமோசோம் பிரிப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொடங்க முடியாது, தொடங்கினால் ஒரேயடியாகத் தொடங்க வேண்டும். அதற்கு முன்கூட்டியே சேர்த்துப் பூட்டி வைத்துத் திறந்துவிடுவதுதான் வழி.

கேட் உவமை ஓர் இடத்தில் போதாது. ரயில்வே கேட்டில் வண்டிகள் சேர்ந்து கட்டையைத் தூக்குவதில்லை. செல்லில் அதுதான் நடக்கிறது. முதலில் விடுபட்ட சில சி.டி.கே.1-கள் திரும்பிவந்து சி.டி.சி.25-இன் மேல் பாஸ்பேட்டை ஒட்டுகின்றன, அதனால் சி.டி.சி.25-க்கு வேகம் கூடுகிறது. அதே சி.டி.கே.1 பூட்டுப் போடுகிற வீ1-இன் மேலும் பாஸ்பேட்டை ஒட்டுகிறது. அதனால் வீ1 ஓய்ந்துபோகிறது. ஒரே வகை ஒட்டல்தான், ஒருவரை எழுப்புகிறது, இன்னொருவரைப் படுக்க வைக்கிறது. திறப்பவன் வேகமாக, பூட்டுகிறவன் தளர, இன்னும் அதிக சி.டி.கே.1 விடுபட, அது மீண்டும் திறப்பவனுக்கு வேகம் கூட்ட, சில நிமிடங்களில் செல் முழுவதும் மறுகரைக்குப் போய்விடுகிறது. பாதிவழியில் நிற்கிற நிலை அதற்குக் கிடையாது.

ஈஸ்ட் காட்டிக் கொடுத்தது

இத்தனையும் தெரியவந்தது ஒரு பானத்தில் வாழும் ஈஸ்ட்டிலிருந்து. ஆடி மாதம் வடசென்னை அம்மன் கோயில்களில் கூழ் வார்ப்பதற்கு முந்தின நாளே கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைப்பார்களே, அதுபோலக் கிழக்கு ஆப்பிரிக்காவில் சிறுதானியத்தைப் புளிக்க வைத்து பீர் செய்வார்கள். அந்த பீருக்கு சுவாஹிலி மொழியில் பொம்பே என்று பெயர். 1893-இல் லிண்ட்னர் என்ற ஜெர்மானியர் அந்த பீரிலிருந்து பிரித்தெடுத்த ஈஸ்ட்டின் பெயரில் பொம்பே என்பது ஒட்டிக்கொண்டது. நம் பம்பாய்க்கும் அதற்கும் தொடர்பில்லை. இந்த ஈஸ்ட் குட்டையான குச்சி மாதிரி இருக்கும்; நீளவாக்கில் மட்டும் வளர்ந்து, 14 மைக்ரான் அளவுக்கு வந்ததும் நடுவில் சுவர் எழுப்பி இரண்டாகும். பிரியும் நேரத்தை அதன் நீளத்திலிருந்தே படித்துவிடலாம் என்பதால் ஆய்வுக்கு வெகு வசதி.

1970-களில் எடின்பரோவில் பால் நர்ஸ் என்ற இளம் ஆய்வாளர், பாதி நீளத்திலேயே அவசரப்பட்டுப் பிரிந்துவிடும் ஈஸ்ட் ரகம் ஒன்றைக் கண்டார். ஸ்காட்லாந்து வழக்கில் 'வீ' என்றால் குட்டி. அதில் கெட்டுப்போயிருந்த மரபணுதான் வீ1, பூட்டுப் போடுகிறவன். பூட்டுப் போட ஆளில்லாததால் செல் வளர்வதற்குள் பிரிந்துகொண்டிருந்தது.

நேர் எதிரான ரகம் சி.டி.சி.25 கெட்டது. இந்த ரகத்தை 25 டிகிரி வெப்பத்தில் வைத்தால் ஒழுங்காகப் பிரியும். 36 டிகிரிக்கு ஏற்றினால் பழுதான சி.டி.சி.25 செயலிழந்துவிடும். அப்போது மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். செல்கள் சாகாது, வளர்ச்சியும் நிற்காது. நடுச்சுவர் மட்டும் எழும்பாது. குட்டைக் குச்சிகள் நீண்டு நீண்டு துடைப்பக் குச்சி மாதிரி ஆகிவிடும். பிறகு 25 டிகிரிக்கு இறக்கினால் தட்டில் உள்ள அத்தனை செல்லும் சொல்லிவைத்தாற்போல ஒரே நேரத்தில் பிரியத் தொடங்கும். பூட்டோடு நின்றவை பூட்டு போனதும் புறப்படுவதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனை எனக்குத் தெரியாது. இன்றைக்கும் ஈஸ்ட் செல்களை ஒரே கட்டத்தில் நிறுத்தி ஆராய வேண்டுமென்றால் இந்த ரகத்தைத்தான் எடுக்கிறார்கள்.

1986-இல் பால் ரஸ்ஸலும் பால் நர்ஸும் சேர்ந்து அந்த மரபணுவைத் தனியே எடுத்தார்கள். அதைக் கூடுதலாக உற்பத்தி செய்ய வைத்தால் செல் சீக்கிரமே, சின்ன அளவிலேயே பிரிந்தது. ஆக, எவ்வளவு சி.டி.சி.25 இருக்கிறது என்பது எப்போது பிரிவது என்பதைத் தீர்மானிக்கிறது. ஆனால் அது பாஸ்பேடேஸ் என்பது அப்போது தெரியாது. தெரிந்த பாஸ்பேடேஸ் எதைப்போலவும் அதன் எழுத்து வரிசை இருக்கவில்லை. 1991-இல்தான் சில ஆய்வுக்குழுக்கள் அதுவே நேராகப் பாஸ்பேட்டைக் கழற்றுகிறது என்று நிரூபித்தன.

1987-இல் மெலனி லீயும் நர்ஸும் சி.டி.கே.1 கெட்டுப்போன ஈஸ்ட்டுக்குள் மனித மரபணுக்களை அனுப்பிப் பார்த்தார்கள். மனிதனுடைய சி.டி.கே.1 போய் அந்த ஈஸ்ட்டைப் பிழைக்க வைத்தது. நமக்கும் ஈஸ்ட்டுக்கும் பொது மூதாதை வாழ்ந்து நூறு கோடி ஆண்டுக்கு மேல் ஆகிறது. பூட்டும் சாவியும் இன்னும் மாறவில்லை. 2001-இல் மருத்துவ நோபல் பரிசு மூவருக்குக் கிடைத்தது: நர்ஸ்; பன்னையும் ரொட்டியையும் உப்ப வைக்கும் ஈஸ்ட்டில் சி.டி.சி. மரபணுக்களைத் தேடத் தொடங்கிய லேலண்ட் ஹார்ட்வெல்; சைக்ளினைக் கண்டறிந்த டிம் ஹன்ட். ஹன்ட் பார்த்தது கடல் முள்ளெலியின் முட்டைகளை. உருண்டையாக, உடம்பெல்லாம் முள்ளாக இருக்கும் அந்தக் கடல் உயிரின் முட்டைகளில் ஒரு புரதம் ஒவ்வொரு பிரிவின்போதும் திடீரென்று காணாமல் போவதை 1982-இல் அவர் கவனித்தார்.

மனித உடலில் மூன்று பேர்

ஈஸ்ட்டில் ஒன்று. நம்மிடம் மூன்று: சி.டி.சி.25ஏ, சி.டி.சி.25பி, சி.டி.சி.25சி. பாஸ்பேட்டைக் கழற்றும் பின்பாதி மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றே. முன்பாதியில்தான் வித்தியாசம்; எங்கே போக வேண்டும், எப்போது அழிய வேண்டும் என்ற குறிப்புகள் அங்கேதான் உள்ளன.

ஏ: டி.என்.ஏ. நகலெடுப்பு தொடங்கும்போதும் எம் கட்டத்திலும் இரண்டு இடத்திலும் வேலை செய்கிறது. பி: ஜி2 முடியும் தறுவாயில் முதல் பூட்டுகளைக் கழற்றித் தொடங்கிவைக்கிறது. சி: தொடங்கியதை வேகப்படுத்துகிறது. பாடப்புத்தகப் படம் இப்படி. எலிகளிடம் ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தபோது கதை அவ்வளவு ஒழுங்காக இல்லை. ஏ இல்லாத எலி கருவிலேயே அழிந்தது. சி இல்லாத எலி எந்தக் குறையும் இல்லாமல் வளர்ந்தது. பி-யும் சி-யும் சேர்ந்து இல்லாத எலிகூட நன்றாக ஓடியாடியது. பி இல்லாததன் விளைவு ஒன்றே ஒன்று: பெண் எலிகள் கருத்தரிக்கவில்லை.

அந்த ஒன்றை நின்று பார்க்க வேண்டும். பெண்ணின் சினைமுட்டைகள் அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகி, பிரிவைத் தொடங்கி, நடுவில் நின்றுவிடுகின்றன. பூப்பெய்தும் வரை, சில முட்டைகள் நாற்பது வயது கடந்தும், அந்தப் பூட்டு நிலையிலேயே இருக்கும். நீங்கள் எந்த முட்டையிலிருந்து பிறந்தீர்களோ அது உங்கள் பாட்டியின் வயிற்றில் உங்கள் அம்மா இருந்தபோதே உருவானது. எலிகளில் தெரிந்தவரை, மாதச் சுழற்சியில் ஹார்மோன் பெருகும் அந்த நாளில் முட்டைக்குள் சி.டி.சி.25பி உட்கருவுக்குள் நுழைகிறது, அத்தனை நாள் பூட்டு திறக்கிறது. பி இல்லாத எலியின் முட்டைகள் முதிர்ந்த உருவத்தில் இருந்தும் நின்ற இடத்திலேயே நின்றன. வெளியிலிருந்து சி.டி.சி.25பி-யின் ஆர்.என்.ஏ.வை, அதாவது அந்தப் புரதத்தைத் தயாரிக்கச் சொல்லும் குறிப்பை, செலுத்தியபோது மீண்டும் புறப்பட்டன.

பழ ஈக்களில் இதே குடும்பத்து நொதிக்கு ஸ்ட்ரிங் என்று பெயர். ஈயின் கருவில் முதல் 13 பிரிவுகள் தாய் விட்டுச்சென்ற இருப்பில் மளமளவென நடக்கும். 14-வதிலிருந்து, எந்தப் பகுதியில் ஸ்ட்ரிங் உற்பத்தியாகிறதோ அந்தப் பகுதி மட்டும் பிரியும். உடலுக்கு உருவம் கிடைப்பதே இந்த நொதி எங்கே எப்போது வருகிறது என்பதைப் பொறுத்துத்தான்.

டி.என்.ஏ. உடைந்தால் யார் நிறுத்துவது

காசிமேட்டிலிருந்து கடலுக்குப் போகிறவர்கள் உச்சி வெயிலில் மணிக்கணக்காகத் திறந்த படகில் நிற்கிறார்கள். அவர்களுடைய தோலின் அடியடுக்கில் எப்போதும் சில செல்கள் பிரிந்துகொண்டிருக்கும். புற ஊதாக் கதிர் பட்டு அந்த செல்களில் ஒன்றின் டி.என்.ஏ.வில் பழுது விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த சில நிமிடங்களில் நடப்பது:

1. உடைப்பைக் கண்டுகொள்ளும் ஏ.டி.எம்., ஏ.டி.ஆர். என்ற கைனேஸ்கள் விழிக்கின்றன.
2. அவை செக்1, செக்2 என்ற இரண்டு கைனேஸ்களை எழுப்புகின்றன.
3. செக்1-உம் செக்2-உம் சி.டி.சி.25-இன் மேல் பாஸ்பேட்டை ஒட்டுகின்றன. சி.டி.கே.1 ஒட்டியபோது வேகம் கூடியதே, இது வேறு இடம். விளைவும் நேர் எதிர்.
4. சி.டி.சி.25ஏ அழிப்புக்குக் குறிக்கப்பட்டுச் சிதைக்கப்படுகிறது. சி.டி.சி.25சி-யின் 216-வது இடத்தில் ஒட்டிய பாஸ்பேட்டை 14-3-3 என்ற புரதம் பிடித்து, அதை உட்கருவுக்கு வெளியே இருத்திவைக்கிறது.
5. பூட்டைக் கழற்ற ஆளில்லை. செல் நின்ற இடத்தில் நிற்கிறது. பழுது பார்க்க நேரம் கிடைக்கிறது.

புற்றுநோய் என்றாலே பி53 என்ற புரதத்தின் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதுவும் செல்லை நிறுத்தும், ஆனால் புதிய புரதங்களைத் தயாரித்து நிறுத்துவதால் சில மணி நேரம் எடுக்கும். முதலில் பிரேக் பிடிப்பது சி.டி.சி.25ஏ-யை அழிப்பதுதான், நின்ற செல்லை நின்றபடி வைத்திருப்பது பி53.

புற்றுநோய்க்குக் கொடுக்கும் கதிர்வீச்சு சிகிச்சையிலும் இதே ஏற்பாடு உள்ளே ஓடுகிறது. கதிர் டி.என்.ஏ.வை உடைக்கிறது. இயல்பான செல் நின்று சரிசெய்துகொள்கிறது. புற்று செல்லில் பல நேரம் இந்தக் காவல் ஒருபக்கம் கெட்டுக் கிடப்பதால் அது உடைசலோடு பிரியப் போய் அழிகிறது. ஒரேயடியாகக் கொடுக்காமல் வாரத்தில் ஐந்து நாள், பல வாரங்கள் பிரித்துக் கொடுப்பதற்குள்ள காரணங்களில் ஒன்று, இயல்பான செல்லுக்கு அந்தச் சரிசெய்யும் நேரத்தை விட்டுவைப்பது.

புற்றுநோயில் இதன் பங்கு

1995-இல் எலி செல்களில் ஒரு முக்கியமான சோதனை நடந்தது. ராஸ் என்ற புற்றுமரபணுவோடு சி.டி.சி.25ஏ அல்லது பி-யைக் கூடுதலாகக் கொடுத்தபோது இயல்பான செல்கள் புற்று செல்களாக மாறின. சி-யைக் கொடுத்தபோது மாறவில்லை. அதற்குப் பிறகு மார்பகம், நுரையீரல், பெருங்குடல், கல்லீரல் என்று பல வகைப் புற்றுக் கட்டிகளில் ஏ-யும் பி-யும் இயல்பைவிட அதிகமாக இருப்பது தெரியவந்தது.

இதில் செய்திகள் தவறவிடும் நுணுக்கம் ஒன்று உண்டு. இந்தக் கட்டிகளில் சி.டி.சி.25 மரபணு பொதுவாகக் கெட்டுப்போயிருப்பதில்லை. நல்ல நொதிதான், அளவு மட்டும் கூடுதல். மிக் என்ற இன்னொரு புற்றுமரபணு அதிகம் உற்பத்தி செய்யச் சொல்வதாலோ, அழிக்க வேண்டிய நேரத்தில் அழிக்காமல் விடுவதாலோ அளவு ஏறுகிறது. ஆகவே அதைப் 'புற்றுநோய் நொதி' என்று அழைப்பது சரியில்லை. கருவில் உங்களை உருவாக்கிய நொதியும், இன்று காலை உங்கள் குடல் சுவரைப் புதுப்பித்த நொதியும் அதுவேதான்.

பயாப்ஸி ரிப்போர்ட்டில் சி.டி.சி.25 என்று தேட வேண்டாம், வழக்கமாக அது இருக்காது. பிரிவு வேகத்தைக் காட்டுவது வேறு இரண்டு வரிகள். மைட்டோடிக் கவுண்ட் என்பது மைக்ராஸ்கோப்பில் எம் கட்டத்தில் பிடிபட்ட செல்களின் எண்ணிக்கை. மார்பகப் புற்றுநோயில் இதற்கும், செல்களின் அமைப்பு, உட்கருவின் தோற்றம் ஆகியவற்றுக்கும் தலா 1 முதல் 3 வரை மதிப்பெண் போட்டுக் கூட்டுவார்கள்: 3 முதல் 5 வரை கிரேடு 1, 6 அல்லது 7 என்றால் கிரேடு 2, 8 அல்லது 9 என்றால் கிரேடு 3. கே.ஐ.67 என்ற சதவீதம் இன்னொரு வரி. சுழற்சியில் ஓடிக்கொண்டிருக்கும் செல்கள் நூற்றுக்கு எத்தனை என்று சொல்வது. பலர் கிரேடையும் ஸ்டேஜையும் ஒன்றென்று நினைத்துப் பதறுகிறார்கள். கிரேடு, செல்லின் தோற்றத்தையும் வேகத்தையும் பற்றியது. ஸ்டேஜ், எவ்வளவு தூரம் பரவியது என்பது. கிரேடு 3 என்பது மூன்றாம் ஸ்டேஜ் ஆகாது.

அடக்கும் மருந்து ஏன் இன்னும் கடைக்கு வரவில்லை

சி.டி.சி.25-ஐ அடக்கும் மருந்து எதுவும் இதுவரை ஒப்புதல் பெறவில்லை. முயற்சி தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. தடைகள் மூன்று.

1. பிடிப்பதற்கு இடமில்லை. மருந்து என்பது நொதியின் குழிக்குள் போய் அடைத்துக்கொள்ள வேண்டும். 1998-இல் சி.டி.சி.25ஏ-யின் பின்பாதியுடைய முப்பரிமாண வடிவம் கிடைத்தது. வேலை செய்யும் இடம் ஆழமான குழியாக இல்லாமல் தாம்பாளம் மாதிரி தட்டையாக இருந்தது. அடுத்த ஆண்டு வெளியான பி-யின் வடிவமும் பெரிய வித்தியாசமில்லை.

2. கிடைத்த மூலக்கூறுகள் கைக்கு அடங்காதவை. நல்ல பலன் காட்டியவற்றில் பல குயினோன் வகை. வைட்டமின் கே3 அந்த இனம்தான். அவை நொதியின் நடுவில் உள்ள கந்தக அணுவோடு வினைபுரிந்து அதை முடக்குகின்றன. ஆனால் கந்தகம் உள்ள புரதங்கள் உடம்பெங்கும் இருக்கின்றன, எல்லாவற்றோடும் வினைபுரியும். தட்டில் வளர்த்த புற்று செல்லைக் கொல்வதற்கும் மனிதனுக்குக் கொடுப்பதற்கும் நடுவே இருக்கும் தூரம் இதுதான். வைட்டமின் கே நல்லது என்று யாராவது மாத்திரை சொன்னால் தயவுசெய்து வாங்கிச் சாப்பிட வேண்டாம்.

3. மூன்றாவதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. வளர்ந்த எலிகளில் மூன்று சி.டி.சி.25-ஐயும் ஒரேயடியாக நீக்கிப் பார்த்தார்கள். ஒரு வாரத்துக்குள் எலிகள் இறந்தன. சிறுகுடலின் உள்சுவர் ஏறக்குறைய முழுவதும் போயிருந்தது. அந்தச் சுவர் சில நாட்களுக்கு ஒருமுறை முழுதாகப் புதுப்பிக்கப்பட வேண்டியது. பிரிவு நின்றதும் பழையது உதிர்ந்தது, புதியது வரவில்லை. முழுக்க அடக்கினால் நோயாளிக்கும் ஆபத்து என்பதற்கு இதைவிட நேரடிச் சான்று தேவையில்லை. மறுபக்கம், சி.டி.சி.25ஏ-யின் இரண்டு பிரதிகளில் ஒன்று மட்டும் இருந்த எலிகள் நலமாக வாழ்ந்தன, ராஸ் தூண்டும் மார்பகக் கட்டிகளும் அவற்றில் தாமதமாக வந்தன. பாதியளவு அடக்கினால் பலன் இருக்கலாம் என்ற நம்பிக்கை அங்கிருந்து வருகிறது.

இதே பூட்டைக் கொண்டு எதிர்த்திசையிலும் யோசித்தார்கள். வீ1-ஐ அடக்கினால் பூட்டுப் போட ஆளிருக்காது. பி53 இல்லாமல் ஏற்கனவே ஒரு பிரேக் போன புற்று செல், உடைந்த டி.என்.ஏ.வோடு பிரிவுக்குள் விழுந்து சாகும். அடவோசெர்டிப் என்ற மருந்தை இந்த யோசனையில் மனிதர்களிடம் சோதித்தார்கள். சிலரிடம் கட்டி சுருங்கியது, ரத்த அணுக்களும் கூடவே குறைந்தன. அதன் வளர்ச்சி 2022-இல் நிறுத்தப்பட்டது. அதே வகையில் வேறு மருந்துகள் சோதனையில் உள்ளன.

இந்தச் சுழற்சியில் உண்மையிலேயே மருந்தாகக் கைக்கு வந்தது ஜி1 வாசலில் நிற்கும் சி.டி.கே.4, சி.டி.கே.6 ஆகியவற்றை அடக்கும் மாத்திரைகள். பால்போசிக்லிப் 2015-இல் அமெரிக்காவில் சில வகை மார்பகப் புற்றுநோய்க்கு ஒப்புதல் பெற்றது. இந்தியாவில் அதன் காப்புரிமை 2023 ஜனவரியில் முடிந்ததும் நம் நிறுவனங்கள் தயாரித்த மாத்திரைகள் வந்தன, விலை வெகுவாக இறங்கியது. 21 நாள் சாப்பிட்டு 7 நாள் நிறுத்தும் கணக்கு அதற்கு. அந்த 7 நாள் எலும்பு மஜ்ஜைக்காக. அங்கே வெள்ளை அணுக்களை உண்டாக்கும் செல்களும் அதே சுழற்சியில் ஓடுகின்றன, மாத்திரை அவற்றையும் நிறுத்துகிறது.

வீட்டில் கவனிக்க வேண்டியது

பிரிவை நிறுத்தும் எந்தச் சிகிச்சைக்கும் இந்தப் பக்கவிளைவு கூடவே வரும். கீமோ ஊசி போட்ட 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்குவது வழக்கம். அந்த நாட்களில் 100.4 டிகிரி ஜுரம் வந்தால் அது சாதாரண ஜுரம் கிடையாது. தொற்றை எதிர்க்க அணுக்களே இல்லாத உடம்பில் சில மணி நேரத்தில் நிலைமை மோசமாகலாம். திருவொற்றியூரிலோ எண்ணூரிலோ இருந்துகொண்டு அடையாறில் சிகிச்சை எடுக்கிறவர்கள், விடிந்ததும் அங்கேயே போய்க் காட்டலாம் என்று இரவைக் கடத்திவிடுகிறார்கள். பாராசிட்டமால் போட்டால் ஜுரம் இறங்கும், தொற்று இறங்காது. சிகிச்சை தரும் மருத்துவமனையின் அவசர எண்ணுக்கு உடனே போன் செய்யுங்கள். தூரமென்றால் பக்கத்தில் இருக்கிற பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். கீமோ சீட்டைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கடைசியாக ஊசி போட்ட தேதியை, கேட்பதற்கு முன்பே, முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.